சும்மா நில் என்றார் மூப்பர்

அக்டோபர் 7, 1958

கிரைன் அண்ணாவுக்கு,

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஐந்தே வீடுகள். இருந்தாலும் தபால்தலை ஒட்டித்தான் இதை அனுப்புகிறேன். நேரில் வந்தால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. தபால்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை உன்னையும் உன்கூட வந்த இன்னொரு சபை மூப்பரையும் வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டேன் என்று ஊரெல்லாம் பேச்சாம். ஏன் சாத்தினேன் என்று ஒருவராவது கேட்டார்களா? நீ கேட்டாயா?

அதற்கு முந்தின தடவை நீங்கள் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், கேள். என் வீட்டுக்காரர் லேண்டர்ட் ஆகஸ்டிலிருந்து தூங்குவதில்லை. சிப்பிப் படகு கரையிலேயே கட்டிக் கிடக்கிறது. தட்டில் வைத்த உருளைக்கிழங்கு அப்படியே ஆறிப்போகிறது. பிறக்கும் முன்பே தேவன் தன்னைத் தள்ளிவிட்டார், தனக்கு மீட்பே கிடையாது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். அந்த மனிதர் உங்கள் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு விம்முகிறார். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள்! நான் காப்பிப் பாத்திரத்தோடு கதவருகில் நின்றிருந்தேன், என் கண் பொய் சொல்லாது.

"சந்தோஷப்படு நெல்லா, கர்த்தர் உழ ஆரம்பிச்சுட்டார்" என்று நீ சொன்னாய். அதோடு விட்டாயா? அவர் பக்கம் திரும்பி, "மாத்திரையைப் போட்டுக் கர்த்தரோட கையைத் தட்டி விட்டுடாத லேண்டர்ட். நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லு. அவரு வேலையை அவரே முடிப்பார்" என்றாய். பிறகு இஞ்சிக் கேக்கில் இன்னொரு துண்டு கேட்டாய்.

மறுநாள் காலை டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அவர் என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். நகரத்து மருத்துவமனைக்கு வரவே மாட்டேன் என்கிறார். "மச்சான் சொல்லிட்டார்ல" என்பதுதான் பதில்.

ஆவிக்குரிய போர் என்று ஞாயிறு தவறாமல் மேடையில் வாசிக்கிறாயே அண்ணா, அந்தப் போர் இப்போது என் அடுப்படியில் நடக்கிறது. நீ தள்ளப்பட்டவன் என்று ராப்பகலாக அவர் காதில் ஓதுகிறது கர்த்தருடைய குரல் இல்லை, அவன் குரல். நீ வந்து அந்தப் பிசாசுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனாய்.

வந்து லேண்டர்ட்டிடம் மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல். அதைச் சொல்ல வருவதானால் கதவு திறந்திருக்கும்.

நெல்லா

*

அக்டோபர் 9, 1958

கர்த்தருக்குள் பிரியமான தங்கை பீட்டர்னெல்லாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை வாசித்தேன். நம் தகப்பனார் இருந்திருந்தால் ஒரு மூப்பருக்கு இப்படி எழுத உன்னை விட்டிருக்க மாட்டார். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பயத்தில் எழுதியிருக்கிறாய்.

ஆனால் பயம் வேறு, அறிவு வேறு. நம் சபையில் பெரும்பாலானோர் வருஷக்கணக்காகப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, மிட்டாயைச் சப்பிக்கொண்டு, கல்லாகிப்போன இருதயத்தோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவனுக்குத் தன் பாவத்தின் ஆழம் தெரிவது எத்தனை அபூர்வம்! நான் சிரித்தது அவன் வேதனையைப் பார்த்தல்ல. விதைப்புக்கு முன்னால் மண் கீறப்படுவதைப் பார்த்து. உழும்போது நிலத்துக்கு வலிக்காதா?

டாக்டர் நல்லவர்தான். அவருக்கு ஈரலும் நுரையீரலும் தெரியும். ஆத்துமா தெரியாது. லேண்டர்ட்டை நகரத்துக்குக் கொண்டுபோனால் அவனைத் தூங்க வைப்பார்கள், சீட்டாட வைப்பார்கள், வானொலி கேட்க வைப்பார்கள். குணமாகித் திரும்பி வருவான், தேவனை மறந்தவனாக. அந்தக் கணக்குக்கு நான் பதில் சொல்ல வேண்டும். நீ அல்ல.

செங்கடலின் ஓரத்தில் ஜனங்கள் கூக்குரலிட்டபோது அவர்களுக்குக் கிடைத்த கட்டளை என்ன? பயப்படாதிருங்கள், நின்றுகொண்டு பாருங்கள் என்பதுதான். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

தினமும் காலையும் மாலையும் அவனுக்காக முழங்காலில் நிற்கிறேன். இதை நீ நம்ப வேண்டும்.

உன் அண்ணன்,
கிரைன்

*

அக்டோபர் 13, 1958

அண்ணா,

நீ ஜெபம் செய்வதை நான் சந்தேகப்படவே இல்லை. எழுந்திருக்க மாட்டேன் என்கிறாயே, அதுதான் என் புகார்.

செங்கடலைக் கொண்டு என் வாயை அடைக்கப் பார்க்கிறாயா? நம் அப்பா சாப்பாட்டு மேசையில் அந்த அதிகாரத்தை நமக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டினார்! நீ நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு வசனம் தள்ளிப் படி. என்னிடம் ஏன் கத்துகிறாய், ஜனங்களை நடக்கச் சொல் என்று கர்த்தரே சொல்கிறார். அவர்கள் கடலுக்குள் இறங்கி நடந்தார்கள் அண்ணா. கரையில் நாற்காலி போட்டு உட்காரவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். நீ மூப்பர் மட்டுமா? இந்தத் தீவின் கடலணைக் குழுவிலும் நீதான் முதல் ஆள். மேல்காற்று அடித்து, பௌர்ணமிக் கடலேற்றமும் சேர்ந்துகொண்டால், விளக்கை எடுத்துக்கொண்டு அணைமேல் நடக்கிறாய். எலி பறித்த பொந்தைக்கூட விட்டுவைக்க மாட்டாய், களிமண் கொண்டுவரச் சொல்லி ஆட்களை விரட்டுவாய். கடல் உள்ளே வந்த வருஷம் மணல் மூட்டை சுமந்து உன் தோள் கிழிந்தது, நான்தான் மருந்து போட்டேன். அன்றைக்கு ஏன் நீ சும்மா நிற்கவில்லை? கடலுக்கும் அவர்தானே எஜமான்? அணைக்கு ஒரு விசுவாசம், என் புருஷனுக்கு ஒரு விசுவாசமா?

எனக்கு வேதபாடம் நடத்தாதே என்று நீ சொல்வாய். நடத்துவேன். நீ நடத்தவில்லை என்றால் யாராவது நடத்தத்தானே வேண்டும்.

நேற்று லேண்டர்ட் என்ன கேட்டார் தெரியுமா? "உழுறவரு எப்ப நிறுத்துவாருன்னு மச்சான் சொன்னாரா நெல்லா?" என்றார். ஒரு குழந்தை கேட்பதைப் போலக் கேட்டார். நான் மாவுக் கையோடு பின்கட்டுக்கு ஓடிப்போய் அழுதேன். அழுததைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

நான் டாக்டரிடம் பேசிவிட்டேன். படுக்கை இருக்கிறதாம். லேண்டர்ட் சம்மதித்தால் போதும். அவர் சம்மதம் உன் வாயில் இருக்கிறது. வா.

நெல்லா

*

அக்டோபர் 16, 1958

பீட்டர்னெல்லாவுக்கு,

அணை வேறு, ஆத்துமா வேறு. அணையை மனிதன் கட்டினான், அதனால் மனிதன் காக்கிறான். புது இருதயத்தை மனிதன் கட்ட முடியாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை. நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நம் இருவருக்கும் வாய்தான் வலிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லேண்டர்ட்டைக் கோயிலுக்குக் கூட்டி வா. சபைக்குப் போதகர் இல்லாததால் எப்போதும்போல் நான்தான் வாசிக்கிறேன். நொறுங்கிய இருதயத்தைப் பற்றிய ஒரு பழைய பிரசங்கத்தைத் தேர்ந்திருக்கிறேன். அவனுக்காகவே தேர்ந்தேன். என் மனைவி யானா உங்களுக்கு இடம் பிடித்து வைப்பாள்.

கிரைன்

*

அக்டோபர் 21, 1958

அண்ணா,

அணையின் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நடந்தது தெரியாது. நீதான் வரவில்லையே.

ஞாயிறு காலை லேண்டர்ட் சட்டை மாற்றிக்கொண்டார். "நீ முன்னாடி போ நெல்லா. நான் பின்னாலயே வர்றேன்" என்றார். சட்டை மாற்றினாரே என்று நானும் நம்பி வந்து உட்கார்ந்தேன். முதல் சங்கீதம் முடிந்தது, ஆள் வரவில்லை. நீ வாசிக்கத் தொடங்கினாய், ஆள் வரவில்லை. நழுவி வீட்டுக்கு ஓடினேன். பின்கதவு திறந்து கிடக்கிறது. நீரில் இறங்கும் பூட்ஸைக் காணோம். ஊரில் உள்ள அத்தனை ஆம்பிளைகளும் கோயிலுக்குள் இருக்கும்போது நான் வேறெங்கே போவேன்? அங்கேதான் ஓடி வந்தேன்.

ஆமாம், நான் கத்தினேன். பெண்பிள்ளை வாய் திறக்கக் கூடாத இடத்தில் நடுவழியில் நின்று கத்தினேன். "அண்ணா, நிறுத்து! லேண்டர்ட் வீட்ல இல்ல! பூட்ஸையும் காணோம்!"

நீ மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாய். "உட்காரு நெல்லா. கர்த்தர் அவனைப் பாத்துப்பார். வாசிப்பு முடியட்டும்" என்றாய். பக்கத்தைத் திருப்பினாய். சாகும்வரை எனக்கு அந்தத் தாள் சத்தம் மறக்காது. ஆம்பிளைகள் எல்லாம் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள், மூப்பரே சொல்லிவிட்டார் என்ற நிம்மதியில்.

எழுந்தது யார் தெரியுமா? பால்வண்டி ஓட்டுகிற ஈசாக். அவரை நீங்கள் அரை விசுவாசி என்று சொல்லித் திருவிருந்துக்கு விடுவதில்லை. அடுத்து எழுந்தது உன் சொந்தப் பெண்டாட்டி. "வா நெல்லா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் அண்ணி. கறுப்புப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் அணைமேல் ஏறின வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

லேண்டர்ட் சிப்பித் திட்டுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். நடக்கவில்லை, அசையவில்லை. கையைக் கோர்த்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கடலேற்றம் வந்துகொண்டிருந்தது. ஈசாக் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு இறங்கினார். அவர் போய்ச் சேரும்போது தண்ணீர் லேண்டர்ட்டின் மார்பைத் தொட்டுவிட்டது. ஈசாக் கையைப் பிடித்து இழுத்தார், இவர் தள்ளாமல் முரண்டு பிடிக்காமல் கூடவே வந்தார்.

அடுப்புப் பக்கத்தில் கம்பளி சுற்றி உட்கார வைத்து, "ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார் அண்ணா.

"நான் ஒண்ணும் பண்ணலியே நெல்லா. தண்ணி வத்துன நேரம் போய் நின்னேன். மச்சான் சொன்ன மாதிரி சும்மாதான் நின்னேன். கர்த்தருக்கு வேணும்னா எடுத்துக்கட்டும், வேணாம்னா திருப்பி அனுப்பட்டும்னு. தண்ணிதான் வந்துச்சு."

இதைப் படித்த பிறகு நீ எப்படித் தூங்குகிறாய் என்று பார்க்கிறேன்.

நெல்லா

*

அக்டோபர் 23, 1958

சகோதரி பீட்டர்னெல்லாவுக்கு,

சபைக் குழு நேற்றுக் கூடியது. ஆராதனையின் நடுவே நீ குரல் எழுப்பியது ஒழுங்குக்கு விரோதம் என்று முடிவாயிற்று. குழுவின் முன் வந்து வருத்தம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். அதுவரை திருவிருந்தில் உனக்கு இடமில்லை. ஈசாக்கைப் பற்றியும் பேசினார்கள். இதை உனக்கு அறிவிக்க வேண்டியது என் கடமை, அறிவித்துவிட்டேன்.

இதற்குக் கீழே இருப்பதைக் குழு அறியாது.

நான் பக்கத்தைத் திருப்பினேன். தேவனுடைய காரியம் நடக்கும்போது மனிதனுடைய காரியத்துக்காக நிறுத்தக் கூடாது என்று சிறு வயது முதல் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் நினைவில்லை.

யானா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறாள், தட்டை எடுக்கிறாள். அவ்வளவுதான்.

லேண்டர்ட் உண்மையிலேயே அப்படிச் சொன்னானா? "மச்சான் சொன்ன மாதிரி" என்று? அந்த வார்த்தைகளிலேயேவா? கோபத்தில் நீ கூட்டி எழுதவில்லையே?

கிரைன்

*

அக்டோபர் 24, 1958

மதிப்புக்குரிய சபைக் குழுவின் மூப்பர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் அறிவிப்பு கிடைத்தது. எனக்கு வருத்தம் உண்டு. இன்னும் சத்தமாகக் கத்தாமல் போனேனே என்பதுதான் அந்த வருத்தம். குழுவின் முன் வந்து சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் தண்ணீரில் நிற்கும்போது நான் எந்தத் தொனியில் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று உங்கள் ஒழுங்குப் புத்தகத்தில் எழுதியிருந்தால் அனுப்பி வையுங்கள். ஈசாக்கின் கோட்டு இன்னும் உப்புப் பூத்து என் கொடியில் தொங்குகிறது. அவரைப் பற்றிப் பேசினீர்களாமே! நன்றாகப் பேசுங்கள். உங்களில் ஒருவர் கோட்டாவது நனைந்ததா என்றும் பேசுங்கள்.

அண்ணாவுக்குத் தனியாக:

அந்த வார்த்தைகளிலேயேதான் சொன்னார். நான் ஒன்றும் கூட்டவில்லை. அண்ணியைக் கேள், பக்கத்தில்தான் இருந்தாள். ஓ, உன்னோடு பேசுவதில்லை அல்லவா. அப்படியானால் அவரையே வந்து கேள்.

ஈசாக் ராத்திரி முழுக்க எங்கள் அடுப்படியில் காவல் இருக்கிறார். பகலில் நான். எத்தனை நாளைக்கு இப்படி? நேற்றும் லேண்டர்ட் கேட்டார்: "மச்சான் என்ன சொன்னார்?" என் பேச்சு ஏறாது, டாக்டர் பேச்சு ஏறாது. நீ பூட்டிவிட்ட கதவு, சாவி உன்னிடம்தான் இருக்கிறது. இவர் செத்தால் அது கர்த்தரின் சித்தம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதே அண்ணா. உன்னைச் சும்மா விடமாட்டேன்.

நெல்லா

*

அக்டோபர் 30, 1958

அண்ணா,

நேற்றுத்தான் நகரத்திலிருந்து திரும்பினேன். இன்னும் தபாலில்தான் எழுதுகிறேன். அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. எனக்குக் கோபம் ஆற நாளாகும்.

ஆனால் நீ வந்தாய். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நேர்மையில்லாதவள்.

ஊர் முழுக்கக் கறுப்புடையில் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்த நேரம். உருளைக்கிழங்கு மண் அப்பின உன் வேன் எதிர்த்திசையில் வந்து என் வாசலில் நின்றது. வண்டி ஓட்டக் கூடாத ஞாயிற்றுக்கிழமையில் வேன் சத்தம் கேட்டு எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் ஜன்னலில் பார்த்தேன். நீ மேடைக்குப் போட வேண்டிய கோட்டைப் போட்டிருந்தாய். உள்ளே வந்து, ஜெபம் இல்லை, வசனம் இல்லை. "லேண்டர்ட், வண்டில ஏறு" என்றாய்.

அவர் உன்னையே பார்த்தார். "கர்த்தர் போகச் சொன்னாரா மச்சான்?"

 நீ பொய் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். ஒரே ஒரு பொய் போதும், அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலடா. நான் சொல்றேன், ஏறு. அவருக்கு வேணாம்னா வண்டிய நிறுத்தத் தெரியாதா அவருக்கு?"

அவர் எழுந்தார். அத்தனை வாரம் நான் கெஞ்சிக் கூத்தாடியும் அசையாத மனிதர், எழுந்து தொப்பியைத் தேடினார்.

வேனின் பின்பக்கம் நாங்கள் பேசினது உனக்குக் கேட்டிருக்காது. படகுத்துறையில் வண்டிகளை ஏற்றும் பெரிய படகுக்காகக் காத்திருந்தபோது நீ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தாய். சாக்குகள் மேல் உட்கார்ந்திருந்த லேண்டர்ட் என் காதில் சொன்னார்: "வண்டி நின்ன பிறகும் மச்சான் ஸ்டீயரிங்கை விடல பாரேன். அவருக்கும் தெரியல போல நெல்லா. தெரியாமயேதான் ஓட்டிட்டு வர்றார்." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஆகஸ்டுக்குப் பிறகு நான் பார்த்த முதல் தூக்கம்.

மருத்துவமனையில் மாத்திரை போட்டுக்கொள்கிறார். முழுங்குவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்கிறார். நர்ஸ் சிரிக்கவில்லை. திங்கள் சாயங்காலம் பயறு சூப்பில் பாதிக் கிண்ணம் குடித்தார். தான் தள்ளப்பட்டவன் என்று இன்னும் சொல்கிறார்தான். ஆனால் சொல்லிவிட்டு, சூப்பில் உப்பு குறைவு என்றும் சொன்னார்.

வாசிக்க நீ இல்லாமல் அன்றைக்குக் கோயிலில் எல்லோரும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். ஈசாக் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, திருப்தியாக இருந்தது.

நெல்லா

*

நவம்பர் 5, 1958

நெல்லாவுக்கு,

குழு என்னைக் கூப்பிட்டது. ஓய்வுநாளில் வண்டி ஓட்டியது பாவம் என்று ஒப்புக்கொண்டால் மறுபடி வாசிக்கலாமாம், இல்லையென்றால் மேடை ஏறக் கூடாதாம். "திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாமே கிரைன்" என்றார் என் பக்கத்து நாற்காலிக்காரர். இருபது வருஷம் என்னோடு உட்கார்ந்தவர்.

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். காப்பி கொட்டியது. "ஆடு பள்ளத்துல விழுந்தா ஞாயித்துக்கிழமை தூக்குவீங்க. எங்க மச்சான் ஆட்டைவிடக் கேவலமா? பொறுங்க பொறுங்கன்னு நான் சொல்லிச் சொல்லித்தான் அவன் கழுத்து வரைக்கும் தண்ணி வந்துச்சு" என்றேன். மார்பு வரைக்கும் என்று நீ எழுதியிருந்தாய். கோபத்தில் கூட்டிச் சொல்லிவிட்டேன். திருத்த மனம் வரவில்லை.

ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் யானா, "சூடா ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உழுகிறவர் கர்த்தர்தான் என்று நான் இன்னமும் நம்புகிறேன். அதை என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்காதே. ஆனால் கலப்பைக்குக் கீழே ஒருவன் கிடக்கும்போது கலப்பையைப் புகழ்ந்துகொண்டு நின்றேனே, அதை நினைத்தால் என்மேலும் கோபம் வருகிறது, அப்படிக் கற்றுக் கொடுத்தவர்கள் மேலும் வருகிறது. இதற்கு எந்தப் பிரசங்கத்தில் ஆறுதல் இருக்கிறதென்று தெரியவில்லை. தேடப் பொறுமையும் இல்லை.

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் ஞாயிறு மட்டும்தானாம். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வருகிற ஞாயிறு கோயில் மணி அடிக்கும்போது உன் வாசலில் ஹாரன் அடிப்பேன். யானாவும் வருகிறாள். உப்பு ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்.

என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே, பின்னால் உட்கார்ந்துகொள். ஆனால் படகுத்துறை வரும்வரை அவனுக்காக ஜெபம் செய்துகொண்டே போவோம். நீங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் திறந்துதான் வைத்திருப்பேன். ஓட்டுகிறவன் நான்.

கிரைன்